வீட்டு வாசல் பாதைக்கு லைட் போடப் போறீங்களா? மட்டாஞ்சேரி மழை கேட்கும் மின்சாரக் கணக்கு

இரவு ஒன்பதரை. காக்கநாட்டில் ஷிஃப்ட் முடித்து மட்டாஞ்சேரி சந்துக்குள் பைக்கைத் தள்ளிக்கொண்டு வருகிறீர்கள். கேட்டிலிருந்து வீட்டுப் படி வரை பதினைந்து, இருபது மீட்டர். ஜூன் மாத மழையில் பாதைக் கல் முழுக்கப் பாசி. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் மொபைல் டார்ச். "இந்த வீக்கெண்ட் நாலு லைட் போட்டுடணும்" என்று நினைக்காதவர்கள் குறைவு.

போடலாம். கஷ்டமான வேலையும் இல்லை. ஆனால் ஹாலில் ஒரு லைட் மாட்டுவதும், மண்ணுக்குள் ஒயர் புதைத்து மழையில் நிற்கும் விளக்கு போடுவதும் ஒரே வேலை என்று நினைத்தால்தான் சிக்கல்.

2024 ஜூலை 22 அன்று டெல்லி பட்டேல் நகர் பகுதியில், சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 26 வயது இளைஞர் ஒருவர் மழைநீர் தேங்கிய தெருவில் நடந்து வந்தபோது ஓர் இரும்பு கேட்டைத் தொட்டார். கேட்டில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. அவர் பிழைக்கவில்லை. 2017 நவம்பர் 1 அன்று சென்னை கொடுங்கையூரில், மழைத் தண்ணீருக்குள் கிடந்த மின் கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்ததும் பலருக்கு நினைவிருக்கும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து அறிக்கைகளைப் புரட்டினால், அண்மை ஆண்டுகளில் மின்சாரம் தாக்கி இறந்தவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு 10,000-ஐ எளிதாகத் தாண்டுகிறது. கொடுங்கையூரில் கசிந்தது தெரு மின்சாரம். பட்டேல் நகரில் ஒரு கேட். வீட்டு வாசலில் நாம் புதைக்கும் ஒயரும் இதே மழைத் தண்ணீரில்தான் நனையப் போகிறது.

மட்டாஞ்சேரி ஏன் தனிக் கேஸ்?

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. கொச்சியில் சுமார் 3,000 மி.மீ. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, பிறகு மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் துலாவர்ஷம். மண் காய்வதற்கு நேரமே கிடைக்காது.

அடுத்தது உப்பு. மட்டாஞ்சேரி காயலை ஒட்டிய தாழ்வான பகுதி. நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும். மேற்குக் கொச்சியிலும் சுற்றியுள்ள தீவுகளிலும், மழையே இல்லாத நாளில்கூட ஓதம் ஏறி முற்றத்துக்குள் தண்ணீர் வருவது உண்டு. வேலியேற்றம் என்பார்கள் இங்கே. அது நல்ல தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். உப்பு கலந்தால் தண்ணீர் மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்தும், உலோகத்தை இன்னும் வேகமாக அரிக்கும்.

மூன்றாவது, வீடுகளின் வயது. டச்சு அரண்மனையையும் ஜூத் தெருவையும் சுற்றி, பஜார் ரோட்டின் உள்சந்துகளில் இருக்கும் பல வீடுகள் ரொம்பப் பழையவை. கூடவே வயரிங்கும் பழையது. குஜராத்திகள், கொங்கணிகள், கச்சிகள், வெளி டோபி கானா தமிழர்கள் என்று பல ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஏரியா இது. அப்படிப்பட்ட வீட்டில் நீங்கள் வாடகைக்கு இருந்தால், பிளக் பாயிண்டில் மூன்றாவது துளை இருக்கிறது என்பதற்காக அதன் பின்னால் எர்த் ஒயர் இருக்கிறது என்று நம்ப வேண்டாம். செக் பண்ணச் சொல்லுங்கள்.

230-ஆ, 12-ஆ?

முதல் முடிவு இதுதான். மற்ற எல்லாம் இதற்குப் பிறகு.

ஈரமான உடம்பின் மின்தடையை, கணக்குக்காக, 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் பட்டால் 230 மில்லியாம்ப் பாயும். மனித உடம்பு 1 மில்லியாம்பையே உணரும். சுமார் 10 மில்லியாம்ப் ஏசி பாய்ந்தால் தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30 மில்லியாம்பைத் தாண்டி ஒருசில நொடி நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து ஆரம்பிக்கிறது. 230 என்பது அதைப்போல் ஏழு மடங்குக்கும் மேல்.

12 வோல்ட்டில் அதே கணக்கு 12 மில்லியாம்ப். எல்இடி டிரைவர் தருவது டிசி. கையைப் பிடித்துக்கொள்ளும் எல்லை டிசிக்கு ஏசியைவிட அதிகம். தவிர, குறைந்த வோல்ட்டில் தோலின் தடையும் பொதுவாக 1,000 ஓமைவிடக் கூடுதலாகவே இருக்கும். நீச்சல் குளத்தின் தண்ணீருக்குள் விளக்கு வைப்பதற்கே சர்வதேச மின் விதிகள் 12 வோல்ட் ஏசி அல்லது 30 வோல்ட் டிசி வரை அனுமதிக்கின்றன. வாசல் பாதைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

230 வோல்ட்டை மண்ணில் புதைப்பது வேறு உலகம். நிலத்தடி கேபிள் பதிப்பதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1255, வீட்டு அளவு மின்னழுத்தக் கேபிளுக்கே 75 செ.மீ. ஆழம் சொல்கிறது. ஆர்மர்டு கேபிள், மேலே மணல், அதற்கு மேல் செங்கல் அல்லது எச்சரிக்கை டேப். மட்டாஞ்சேரியில் 75 செ.மீ. தோண்டினால் பல இடங்களில் தண்ணீர்தான் வரும். நூறு மீட்டர் டிரைவ்வே இருக்கிற எஸ்டேட் பங்களாவுக்கு 230 சரி. மூன்று சென்ட் வீட்டுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

சோலார் போட்டால் ஒயரே வேண்டாமே என்று கேட்கலாம். வாடகை வீட்டில், வீட்டு ஓனர் எதையும் தோண்ட விடமாட்டார் என்றால் அதுவே நல்ல வழி. ஷாக் பயமும் கிடையாது. ஆனால் உள்ளங்கை அளவு பேனல், பலா மர நிழல், ஜூலை மாதக் கேரள மேகம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். வெளிச்சம் உங்களுக்கு அதிகம் தேவைப்படும் மாதத்தில்தான் அது எட்டரை மணிக்கே கண்ணை மூடும்.

எதை நாம் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சின்ன வேலைகளைத் தவிர வயரிங்கில் எதைச் சேர்த்தாலும் மாற்றினாலும் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் மூலம்தான் செய்ய வேண்டும். கேரளாவில் அந்த உரிமத்தையும் வயர்மேன் பெர்மிட்டையும் தருவது கேரள மாநில மின் உரிம வாரியம். "சேட்டா, பெர்மிட் உண்டோ?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். வெளிச் சுவரில், மழை படாத ஓட்டு இறக்கத்துக்குக் கீழே ஒரு எர்த் உள்ள பிளக் பாயிண்ட். அதற்குத் தனிப் பாதுகாப்பு. இது வயர்மேன் வேலை. அந்தப் பாயிண்டில் பிளக் ஆகும் டிரைவர், அங்கிருந்து போகும் 12 வோல்ட் கேபிள், விளக்குகள். இது உங்கள் ஞாயிற்றுக்கிழமை.

டிரைவர் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, எஸ்இஎல்வி என்ற குறி. 230 வோல்ட் பக்கமும் 12 வோல்ட் பக்கமும் உள்ளே முழுமையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். அந்தப் பிரிவு இல்லாத மலிவு டிரைவரில், வெளியே 12 என்று எழுதியிருந்தாலும் ஒயர் வழியாக 230 உங்கள் தோட்டத்துக்கு நடந்து வரலாம். மேலே சொன்ன பாதுகாப்புக் கணக்கு மொத்தமும் இந்த ஒரு குறியில்தான் தொங்குகிறது. இரண்டு, பிஐஎஸ் பதிவு. எல்இடி டிரைவர்களுக்கான தரநிலை ஐஎஸ் 15885. அதற்குக் கட்டாயப் பதிவு உண்டு. லேபிளில் 'ஆர்-' என்று தொடங்கும் எட்டு இலக்க எண் இருக்கும். எர்ணாகுளம் பள்ளிமுக்கு கடைகளிலோ, சென்னை வந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ, பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எம்சிபி இருக்கே, போதாதா?

போதாது. இந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் இருக்கிறது.

எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. 6 ஆம்ப் எம்சிபி என்றால் 6,000 மில்லியாம்ப் வரை அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் உடம்பு வழியாக 230 மில்லியாம்ப் போனால் அதன் கண்ணுக்கு அது ஒரு சின்ன பல்பு.

மனிதரைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. நம் ஊரில் இன்னும் ஈஎல்சிபி என்றே சொல்கிறோம். ஃபேஸில் போன மின்சாரம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்ப் குறைந்தால், எங்கோ மண்ணுக்கோ மனிதருக்கோ போகிறது என்று எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கும். கசிவு பெரிதாக இருந்தால் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள். மத்திய விதிகள் வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லியாம்ப் கருவியைக் கேட்கின்றன. ஆனால் 2 கிலோவாட்டுக்குக் கீழே உள்ள சிறு இணைப்புகளுக்கு அதில் விலக்கு உண்டு. பழைய, சின்ன வீட்டில் குடியிருந்தால் உங்கள் வீடு அந்த விலக்குக்குள் வரலாம். கரண்டுக்கு அந்த விலக்கு தெரியாது. போட்டுவிடுங்கள்.

வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி இருந்தால் வேறு தொல்லை. மழையில் வெளி பாயிண்ட் கொஞ்சம் கசிந்தாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஃப்ரிட்ஜ், ஃபேன், வைஃபை எல்லாம் போகும். மூன்றாவது முறை போனதும் யாராவது "அதை பைபாஸ் பண்ணிடலாம் சார்" என்பார்கள். பல வீடுகளில் பாதுகாப்பு போவது இப்படித்தான். வெளி பாயிண்டுக்கு மட்டும் தனியாக ஒரு ஆர்சிபிஓ வைக்கச் சொல்லுங்கள். எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒரே உடம்பில் சேர்ந்த கருவி அது. கசிந்தால் வாசல் மட்டும்தான் இருட்டாகும்.

ஒயரின் தடிமனில்தான் வெளிச்சம் இருக்கிறது

12 வோல்ட்டுக்கு ஒரு விலை உண்டு. வோல்ட் குறைந்தால் அதே வாட்டுக்குக் கரண்ட் கூடும். கரண்ட் கூடினால் ஒயரிலேயே வோல்ட் கரையும். முதல் விளக்கு பளிச்சென்றும் கடைசி விளக்கு தூக்கக் கலக்கத்திலும் எரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், விளக்கு கம்பெனி இல்லை.

ஒரு கணக்கு போடுவோம். 20 மீட்டர் பாதை, இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக 8 விளக்கு, ஒவ்வொன்றும் 3 வாட். மொத்தம் 24 வாட், 2 ஆம்ப். டிரைவர் ஒரு முனையில். செம்பு ஒயரின் தடை, ஒரு சதுர மி.மீ. தடிமனுக்கு மீட்டருக்கு 0.0175 ஓம். போக ஒன்று, வர ஒன்று என்று நீளத்தை இரட்டிக்க வேண்டும்.

சில ரெடிமேட் கிட்களில் வருவது போன்ற 0.5 சதுர மி.மீ. ஒயரில், கடைசி விளக்குக்குப் போய்ச் சேருவது சுமார் 10.4 வோல்ட். 0.75 போட்டால் 10.9-க்குக் கொஞ்சம் மேல். 1.5 போட்டால் 11.5. 2.5 போட்டால் 11.7. உள்ளே கரண்ட்டைச் சீராக வைக்கும் சர்க்யூட் உள்ள நல்ல விளக்கு 10.4-லும் சமாளிக்கும். எல்இடி ஸ்ட்ரிப் மாதிரி வெறும் ரெசிஸ்டர் வைத்த விளக்கு கண்ணுக்குத் தெரியும்படி மங்கும்.

இப்போது சுவாரஸ்யமான பகுதி. அதே 20 மீட்டர், அதே 8 விளக்கு. டிரைவரை முனையில் வைக்காமல், பாதை ஓடும் சுவரின் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் இழுத்தால்? ஒவ்வொரு கிளையிலும் கரண்ட் பாதி, நீளமும் பாதி. 0.75 ஒயரிலேயே கடைசி விளக்குக்கு 11.7 வோல்ட் வந்துவிடுகிறது. முனையிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டதற்குச் சமம். டிரைவரின் இடத்தை மாற்றியதில், வேண்டிய செம்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

நடுவில் வைக்க வழியில்லை என்றால் 24 வோல்ட் செட் பாருங்கள். கரண்ட் பாதியாகிறது, இழப்பு சதவீதத்தில் நாலில் ஒன்றாகிறது. 24-ம் பாதுகாப்பான வரம்புக்குள்தான். டிரைவரை மட்டும் முழு லோடில் ஓட்ட வேண்டாம். 24 வாட் விளக்குக்கு 36 அல்லது 40 வாட் டிரைவர் சரி. கேரளப் புழுக்கத்தில் அது சூடாகாமல் இருக்கும்.

தண்ணீர் எங்கே நுழைகிறது?

பெட்டியில் ஐபி65, ஐபி67 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் தெறிக்கும் தண்ணீர், 5 என்றால் பீய்ச்சும் தண்ணீர், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கல். 67 எடுத்தால் 65-ம் அதில் அடக்கம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மூழ்கும் சோதனையும் பீய்ச்சும் சோதனையும் வேறு வேறு. இரண்டிலும் தேறியது என்றால் லேபிளில் இரண்டு குறியும் இருக்கும். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், புது விளக்கில். உப்பு, வெயில், எறும்பு இதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. தரையோடு பதிக்கும் விளக்கு என்றால் 67-க்குக் குறையாமல், முளை மாதிரி நிற்கும் விளக்குக்கு 65 போதும். காயல் பக்கம் பெயின்ட் அடித்த இரும்பு உடம்பு வேண்டாம். பித்தளை, நல்ல தர ஸ்டெயின்லெஸ், இல்லை என்றால் தடித்த பிளாஸ்டிக்.

உண்மையில் தண்ணீர் பெரும்பாலும் நுழைவது விளக்கின் முகம் வழியாக இல்லை, ஒயர் ஜாயின்ட் வழியாக. கறுப்பு இன்சுலேஷன் டேப் வாட்டர்ப்ரூஃப் கிடையாது. சுற்றிய டேப்புக்குள் நுழைந்த ஈரம், செம்பு இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி, விளக்குக்குள்ளேயே போய் உட்காரும். டிசி லைனில் இன்னொன்றும் நடக்கிறது. உப்பு ஈரத்துக்குள் பிளஸ், மைனஸ் இரண்டும் அருகருகே இருந்தால், பிளஸ் பக்கச் செம்பு கரைந்து பச்சையாகிக்கொண்டே வரும். பள்ளிக்கூடத்தில் பார்த்த மின்னாற்பகுப்புச் சோதனை உங்கள் தோட்டத்தில் ராத்திரி முழுக்க நடக்கும்.

தீர்வு எளிது. ஜாயின்டுகளைக் குறையுங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் ஜெல் நிரப்பிய கனெக்டர், அல்லது உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ஜாயின்டை மண்ணுக்குள் விடாமல், விளக்குத் தண்டின் மேல்பகுதியிலோ சுவர்ப் பெட்டியிலோ உயரமாக வையுங்கள். பெட்டிக்குள் ஒயர் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். வழிந்து வரும் மழை அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

12 வோல்ட் கேபிளுக்குப் பெரிய குழி வேண்டாம். ஒரு சாண் ஆழம், பிவிசி பைப்புக்குள். பைப் கரண்டுக்காக இல்லை, மண்வெட்டிக்கும் பெருச்சாளிக்கும். மேற்குக் கொச்சியில் பெருச்சாளியைக் குறைத்து மதிப்பிட்டவர் யாரும் இல்லை.

தோண்டுவதற்கு முன்னால் எல்லா விளக்கையும் தரையில் சும்மா வைத்து, ஒயரை மேலேயே ஓட்டி, ஒரு ராத்திரி எரிய விட்டுப் பாருங்கள். கேட்டிலிருந்து நடந்து வாருங்கள். கண்ணில் அடிக்கும் விளக்கு பாதையைக் காட்டாது, உங்களைக் குருடாக்கும். முழங்கால் உயரத்துக்குக் கீழே, தொப்பி போட்ட, கீழ்நோக்கிய விளக்கு போதும். நிறம் 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள். வெள்ளை நீல விளக்கு பூச்சிகளை அதிகம் அழைக்கும். மழைக்காலத்தில் ஈசல் கிளம்பும் சாயங்காலம் மட்டும் எந்த விளக்கானாலும் ஒரு மணி நேரம் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் காலை வாசல் முழுக்க இறக்கைதான். இங்கே வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. பக்கத்து வீட்டுச் சேச்சியின் பெட்ரூம் ஜன்னலையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள், அதாவது உங்கள் விளக்கு அதில் விழுகிறதா என்று.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

24 வாட், டிரைவர் இழப்பும் சேர்த்து 28 என்று வையுங்கள். தினம் 6 மணி நேரம். மாதம் 5 யூனிட். யூனிட் 5 ரூபாயோ 8 ரூபாயோ, மாதம் 25-லிருந்து 40 ரூபாய். ஒரே ஒரு எச்சரிக்கை: கேஎஸ்இபி கட்டணத்தில் மாதம் 250 யூனிட் வரைதான் படிப்படியான விலை. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே மேல் ஸ்லாப் விலை. ஏசி ஓடும் ஏப்ரலில் நீங்கள் 247-ல் நிற்பவர் என்றால் இந்த 5 யூனிட் அதன் அளவைவிடப் பெரிய வேலை பார்க்கும். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அங்கே 500 என்று பாருங்கள். அப்படிப்பட்டவர்கள் டைமர் போட்டு பதினோரு மணிக்கு அணைக்கலாம், அல்லது ஆள் வந்தால் மட்டும் எரியும் மோஷன் சென்சார் வைக்கலாம்.

போட்ட பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆர்சிபிஓவில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது சும்மா சுவரில் ஒட்டிய அலங்காரம், மாற்றுங்கள். அந்தப் பட்டன் கருவியைத்தான் சோதிக்கிறது, உங்கள் எர்த்தை இல்லை. எர்த் ராடை வயர்மேன்தான் மீட்டர் வைத்து அளக்க வேண்டும், மே மாதக் கடைசியில் கூப்பிட்டால் மழைக்கு முன் முடியும். முற்றத்தில் தண்ணீர் ஏறிய நாளில், இறங்கி நடப்பதற்கு முன்னால் வீட்டுக்குள்ளிருந்தே வெளி பாயிண்டை ஆஃப் பண்ணுங்கள். அந்த சுவிட்ச் எது என்று வீட்டில் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். டிபி பெட்டிக்குள் ஒரு பேப்பர் ஒட்டி 'வாசல் லைட்' என்று மார்க்கரால் எழுதி வையுங்கள், கீழே மலையாளத்திலும்.